ரஷ்யப் பேரரசைச் சுற்றிப் பார்க்க எது நல்லது: வண்ணப் படங்களா, பழைய வரைபடங்களா?

1917-இல் மறைந்துபோன ரஷ்யப் பேரரசின் பகுதிகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் புகைப்படக்காரர் செர்கேய் புரோக்குதின்-கோர்ஸ்கியின் வண்ணப் படங்கள். நானும் அங்கேதான் நின்றேன். மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட அமீர் ஆலிம் கான் 1911-இல் நீல அங்கி அணிந்து, வாளின் பிடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. ஆனால் அந்தப் படங்களோடு நின்றுவிட்டால் பேரரசின் பெரும்பகுதி கண்ணிலேயே படாமல் போய்விடும். அதனால் அவற்றோடு போட்டி போடக்கூடிய மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஒவ்வொன்றிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்யச் சொன்னது யார், எதற்காக?

புரோக்குதின்-கோர்ஸ்கிக்கு 1909-இல் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் ஆதரவு கிடைத்தது. இருட்டறை வைத்த ரயில் பெட்டி ஒன்றையும் கொடுத்தார்கள். அவருடைய முறை எளிமையானது. நீளமான ஒரே கண்ணாடித் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக, அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று வடிகட்டிகள். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் நிறம் வந்துவிடும். நடுவில் யாராவது அசைந்தாலோ, ஆறு ஓடிக்கொண்டிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் வண்ணங்கள் பிரிந்து கோடு கோடாகத் தெரியும். அந்தப் பிசிறுகளை நான் விரும்பித் தேடிப் பார்ப்பேன். அங்கேதான் அந்த நாளின் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. அவரிடம் இருந்த தகடுகளில் 1,900-க்கு மேல் 1948-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

எந்த வரைபடமும் தர முடியாததை இவை தருகின்றன: சாமர்கண்டின் முலாம்பழ வியாபாரி, கருங்கடல் கரையில் பதூமிக்கு அருகே சாக்வாவில் தேயிலை பறிக்கும் கிரேக்கப் பெண்கள், உரால் பக்கம் ரயில் பாதையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாஷ்கிர் இன ஊழியர். சரி, குறை என்ன? ரயிலும் நீர்வழியும் போன இடங்களுக்குத்தான் கேமராவும் போனது. சைபீரியாவின் மேற்கு ஓரத்தைத் தொட்டதோடு சரி; கம்சாட்கா போன்ற தூரக் கிழக்கு இல்லவே இல்லை. ஜார் தன் நாட்டைப் பெருமையோடு பார்ப்பதற்கான படங்கள் என்பதால் எல்லாமே அமைதியாக, வெயில் அடிக்கும் நாளாக இருக்கும். 1905-இல் ஒரு புரட்சி நடந்து முடிந்த நாடு இது என்று அவற்றை மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றவே தோன்றாது.

மத்திய ஆசியாவுக்கு இதைவிட நல்ல துணை ஒன்று உண்டு: துர்கெஸ்தான் ஆல்பம். ரஷ்யா மத்திய ஆசியாவில் கைப்பற்றிய துர்கெஸ்தானின் முதல் கவர்னர் ஜெனரல் காஃப்மன் சொல்லி 1871–72-இல் தயாரானது. ஏறக்குறைய 1,200 புகைப்படங்கள். கூடவே கட்டடங்களின் அளவுப் படங்களும் நீர்வண்ண ஓவியங்களும் வரைபடங்களும் உண்டு. தொல்லியல், மக்கள், தொழில்கள், வரலாறு என்று நான்கு பிரிவுகள். நிறம் கிடையாது. ஆனால் ஒரு தறியோ உலையோ எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால் தொழில்கள் பிரிவுக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. மக்களை இனம் இனமாகப் பிரித்து அடுக்கியிருக்கும் பக்கங்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். கைப்பற்றிய நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்த கை அது. வரலாற்றுப் பிரிவு முழுக்க படையெடுப்பின் கதைதான். நோக்கத்தை ஆல்பம் மறைக்கவே இல்லை.

சாமர்கண்டை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரஷ்யப் படை நகரைப் பிடித்தது 1868-இல். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஆல்பத்தின் கேமரா அங்கே நிற்கிறது. 1897-இல் நிலநடுக்கம் வந்து பீபி கானிம் மசூதியை மேலும் சிதைத்தது. புரோக்குதின்-கோர்ஸ்கி எடுத்தது அதற்குப் பிந்தைய கோலம். வண்ணத்தில் அந்த நீல ஓடுகள் அவ்வளவு அழகாக இருப்பதால் இடிபாட்டையும் அழகு என்றே கண் எடுத்துக்கொள்கிறது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் எவ்வளவு போய்விட்டது என்று உறைக்கும்.

சைபீரியா என்றால் நேராக செம்யோன் ரெமேசவிடம் போக வேண்டும். மேற்குச் சைபீரியாவின் தொபோல்ஸ்க் ஊர்க்காரர், வரைபடம் வரைந்தவர். அரசாங்க உத்தரவின்படி வரைந்து 1701-இல் முடித்த அவருடைய சைபீரிய வரைபட நூலில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் இல்லை. தெற்கு மேலே, வடக்கு கீழே. புதிதாகப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கொஞ்ச நேரம் பழகினால் ஆறுகள்தான் எலும்புக்கூடு என்று புரிந்துவிடும்: எந்த ஆற்றில் எந்தக் கிளை சேர்கிறது, எந்தக் கரையில் எந்த ஊர். படகில் போகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? 1745-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் வெளியிட்ட அட்லஸில் ஒரு பொது வரைபடமும் 19 தனி வரைபடங்களும் கோடுகளோடு ஒழுங்காக இருக்கின்றன. அளவு அதில் துல்லியம். ஆனால் ஊரைத் தெரிந்தவன் வரைந்தது என்ற உணர்வு ரெமேசவிடம்தான் கிடைக்கிறது.

இதே ரெமேசவ் தொபோல்ஸ்க் கோட்டையின் கல் கட்டடங்களை வடிவமைத்தவரும்கூட. 1912-இல் புரோக்குதின்-கோர்ஸ்கி அந்த ஊருக்கு வந்து படம் எடுத்தார். முதலில் வரைபடம், பிறகு வண்ணப் படம் என்று பார்த்தால், காகிதத்தில் இர்திஷ் ஆற்றின் கரையில் ரெமேசவ் குறித்த ஊர் இருநூறு ஆண்டு கழித்து மரவீடுகளும் தேவாலயங்களுமாக எதிரே நிற்கும்.

ஐரோப்பிய ரஷ்யாவில் ஒரு கிராமத்தைத் தேடுகிறவருக்கு இவை எதுவும் உதவாது. அதற்கு ராணுவ வரைபடங்கள்தான். 1865 முதல் 1871 வரை ராணுவ அதிகாரி ஸ்திரெல்பித்ஸ்கியின் மேற்பார்வையில் உருவான பத்து வெர்ஸ்ட் வரைபடத்தில் ஓர் அங்குலம் என்பது பத்து வெர்ஸ்ட். வெர்ஸ்ட் என்பது பழைய ரஷ்ய தூர அளவு; ஒரு வெர்ஸ்ட் 1.067 கிலோமீட்டர். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் மேற்குப் பகுதிகளுக்கு மூன்று வெர்ஸ்ட் வரைபடம் இருக்கிறது. படை நடத்துவதற்காக வரைந்தது, அழகு பார்க்க முடியாது.

அப்புறம் 1914-இன் ஆசிய ரஷ்யா அட்லஸ். வெளியிட்டது குடியேற்றத் துறை. விவசாயிகளைக் கிழக்கே கொண்டுபோய்க் குடிவைத்த அலுவலகம் அது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், புல்வெளிகள் குடியேறுவதற்கான நிலமாகத் தெரிவதன் காரணம் விளங்கும். கசாக் மக்கள் கால்நடை மேய்த்த நிலம் அது. இரண்டே ஆண்டில், 1916-இல், அந்தப் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் துர்கெஸ்தான் ஆல்பத்தைச் சொல்வேன். படமும் வரைபடமும் அளவுப் படமும் ஒரே கட்டில் கிடைக்கின்றன. தயாரித்தவர் யார் பக்கம் என்பதும் ஒளிவில்லாமல் தெரிகிறது. சைபீரியாவுக்கு ரெமேசவ். ஐரோப்பியப் பகுதிக்குப் பத்து வெர்ஸ்ட் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்ணப் படங்களை அதில் ஊர் ஊராகக் குறித்துக்கொண்டே போகலாம்.

தேடும்போது இன்றைய பெயர்களை மட்டும் நம்ப வேண்டாம். திபிலிசி அன்று திஃப்லிஸ், அல்மாத்தி அன்று வெர்னி. கசாக் மக்களை அந்தக் காலத்து ரஷ்ய ஆவணங்கள் 'கிர்கிஸ்' என்றே எழுதின. அந்தப் பெயரில் தேடினால்தான் அவர்கள் அகப்படுவார்கள்.