ஸ்பெயின் கார் பயணத் திட்டம்: வாங்கலாம், ஆனால் மத்ரித்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் பயண முகவர் கடைப் பலகையில் காசி-ராமேஸ்வரம், பாலி, ஹட்யாய் என்றுதான் எழுதியிருக்கும். இப்போது அப்படிப்பட்ட கடை ஒன்று, ஸ்பெயினில் குடும்பமே கார் ஓட்டிச் சுற்றும் பன்னிரண்டு இரவுத் திட்டத்தை விற்கிறது. வருடக் கடைசிப் பள்ளி விடுமுறைக்காகப் போட்ட திட்டம் இது. விமான டிக்கெட், ஆறு ஊர்களில் விடுதி, காலை உணவு, கார் எல்லாம் விலைக்குள் அடக்கம். வழிகாட்டி கிடையாது. மதியமும் இரவும் சாப்பாடு நம் பொறுப்பு.

விடுதிகளை நன்றாகத் தேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பழைய நகரத்தின் விளிம்பில், கார் நிறுத்த இடத்தோடு, நடந்தே உள்ளே போகும் தூரத்தில் உள்ளவை. ஆனால் மூன்று இடங்களில் திட்டம் சறுக்குகிறது: போகும் திசை, காரின் அளவு, கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்கான டிக்கெட். மூன்றையும் முன்பணம் கட்டுவதற்கு முன் பேசித் திருத்திக்கொள்ளலாம். கேட்டால் கூடுதல் கட்டணமின்றி மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பது இந்தக் கடையின் பெரிய பலம்.

முதலில் திசை. அச்சிட்ட தாளில் பார்சிலோனாவில் இறங்கி வலென்சியா, கிரனாடா, செவியா, கோர்டோபா வழியாக மத்ரித் போய் விமானம் ஏறுவதாக இருக்கிறது. இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்லுங்கள். காரணம் ஓவியத்தில் இருக்கிறது. மத்ரித் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' தொங்குகிறது. பார்சிலோனாவின் பிக்காசோ அருங்காட்சியகத்தில், அதே ஓவியத்தை எடுத்துக்கொண்டு பிக்காசோ 1957இல் கலைத்தும் குலைத்தும் வரைந்த 58 படங்கள் இருக்கின்றன. மூலத்தைப் பார்க்காத பிள்ளைக்கு அந்த 58 படங்களும் கோணல்மாணல் முகங்களாகவே தெரியும். மத்ரித்தை முதலில் பார்த்துவிட்டால், நடுவில் நிற்கும் சின்ன இளவரசி எங்கே, நாய் எங்கே, கதவோரம் நிற்பவர் எங்கே என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

கட்டடங்களும் இந்தத் திசையில் போனால் கால வரிசையில் வந்து நிற்கும். கோர்டோபாவின் பெரிய மசூதி எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை அடுக்கு வளைவுகளைத் தாங்கி எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுவே பின்னாளில் ஒரு கத்தீட்ரலையே எழுப்பினார்கள். செவியாவின் ஹிரால்டா கோபுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. உள்ளே படிகளுக்குப் பதில் 35 சரிவுப் பாதைகள், கடைசியில் மட்டும் சில படிகள். முட்டி வலி உள்ள பாட்டிகூட நிதானமாக ஏறலாம். கிரனாடா அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றம் பதினான்காம் நூற்றாண்டு. முடிவில் 1882இல் தொடங்கிய பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயம். இந்த வரிசையில் போனால் ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வளர்ந்தது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது காரணம் ஓட்டுநருக்கு. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. டோஹாவிலோ துபாயிலோ இஸ்தான்புல்லிலோ மாறிப் போய் இறங்கும்போது உடம்பு அசந்திருக்கும். திட்டத்தில் இறங்கிய அன்றே காரைக் கையில் கொடுக்கிறார்கள். அது வேண்டாம். மத்ரித்தின் மூன்று இரவுகளும் கார் இல்லாமல் மெட்ரோவில் போங்கள். நான்காம் நாள் காலை விமான நிலையக் கிளையில் காரை எடுத்தால், நகரத் தெருக்களுக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை வழியாக நேரே ஏ-4 நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம். கோர்டோபாவுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெரும்பகுதி அகலமான, நெரிசல் குறைந்த சாலை. வலப்பக்கம் ஓட்டிப் பழக இதைவிட நல்ல சாலை இந்தப் பயணத்தில் இல்லை. வழியில் மத்ரிதேஹோஸில் விலகி கோன்சுவேக்ரா குன்றின் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தொலேதோவை மட்டும் இந்த நாளில் சேர்க்காதீர்கள். பைகளோடு காரை விட்டுவிட்டு மலைமேல் ஏற வேண்டியிருக்கும். மத்ரித் அத்தோச்சா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். மத்ரித்தில் இருக்கும்போதே ஒரு காலைப்பொழுதில் போய், சாந்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரெக்கோவின் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இரவுக் கணக்கிலும் ஒரு திருத்தம். பார்சிலோனாவுக்கு மூன்று, வலென்சியாவுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். கிரனாடாவிலிருந்து வலென்சியா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் மிக நீண்ட ஓட்டம் அது. சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால் டிசம்பரில் பனி விழவும் கூடும். கிளம்பும் முன் வானிலை பார்ப்பது கட்டாயம். அன்று போய்ச் சேருவதற்கே மாலையாகிவிடும். மறுநாள் மதியம் அவ்வூரின் அரிசி உணவான பயேயாவைச் சாப்பிட்டுவிட்டு அந்த மயக்கத்தில் 350 கிலோமீட்டர் ஓட்டுவது ஆபத்து. வலென்சியாவுக்கு இரண்டு இரவு, பார்சிலோனாவுக்கு இரண்டு என்று மாற்றுங்கள். பார்சிலோனாவில் ஓர் இரவு குறைவது வருத்தம்தான். இருந்தும் சக்ராதா ஃபமிலியாவையும் பிக்காசோவையும் ஒரு முழு நாளில் பார்க்க முடியும். அந்த நாள் திங்களாக அமையக் கூடாது, பிக்காசோ அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும்.

இனி கார். ஐந்து பேருக்கு நடுத்தர வகை என்று தாளில் இருக்கிறது. அதில் ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் பின்பெட்டியில் பெரிய பை இரண்டுதான் போகும். ஏழு இருக்கை வண்டி கேட்டாலும் கவனம் தேவை: மூன்றாவது வரிசையை விரித்தால் பைக்கு இடமே இராது. ஐந்து பேர், நான்கு பெரிய பை என்றால் ஸ்டேஷன் வேகன் கேளுங்கள், அல்லது ஏழு இருக்கை வண்டியில் பின்வரிசையை மடித்துவிடுங்கள். 135 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் பின்னால், குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும். அதையும் முன்பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பெயினில் வாடகைக் கார் பெரும்பாலும் கைகியர். ஆட்டோ கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும், விலையும் கூடும். டிஏ வகை உரிமம் வைத்திருப்பவர்கள் ஆட்டோ கியர் வண்டி மட்டுமே ஓட்ட முடியும் என்பதால் முகவரிடம் உரிமத்தைக் காட்டியே பதியுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்து, மலேசிய உரிமத்தோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் சாவி கைக்கு வராது. முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டும் இருக்க வேண்டும். அப்பா ஓட்டுவார், கார்டு மகள் பெயரில் என்றால் கவுன்டரிலேயே மறுப்பார்கள். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

விலைக்குள் உள்ள காப்புறுதி அடிப்படை வகை. விபத்து என்றால் முதல் தொகையை, பெரும்பாலும் ஆயிரம் யூரோவுக்கு மேல், நாம்தான் கட்ட வேண்டும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் சேராது. நகர நிலத்தடி நிறுத்துமிடங்களின் தூண்கள் மிக நெருக்கமானவை. வண்டியின் பக்கவாட்டுக் கீறல்கள் அதிகம் விழுவது அங்கேதான். முழுக் காப்புறுதியை இங்கேயே சேர்த்து வாங்குங்கள். மத்ரித்தில் எடுத்து பார்சிலோனாவில் விடும் கட்டணம் உள்ளடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மைவி, அல்சா, சாகா ஓட்டிப் பழகிய கைக்கு முதல் மணி நேரத்தில் மூன்று தடுமாற்றம் வரும். சிக்னல் தண்டு இடப்பக்கம் இருக்கும்; பழக்கத்தில் வலக்கையால் தட்டினால் வைப்பர் ஓடும். ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்வதால் வண்டி தன்னையறியாமல் வலது ஓரத்தை நோக்கிச் சாயும். பக்கத்தில் இருப்பவர் கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ரவுண்டபவுட்டில் வண்டிகள் எதிர்த்திசையில் சுற்றும், வழிவிட வேண்டியது இடப்பக்கமிருந்து வருபவருக்கு. நெடுஞ்சாலையில் வேக உச்சம் 120, முந்துவது இடப்பக்கம் மட்டும். ஊருக்குள் திசைக்கு ஒரே தடமுள்ள தெருக்களில் 30தான். பெட்ரோல் நிலையத்தில் நம் ஊர் மாதிரி மஞ்சள் குழாயைத் தேடாதீர்கள்: வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். சுங்கம் கட்ட டச் அன் கோ மாதிரியான கார்டு எதுவும் வேண்டாம். ஏ-4, ஏ-92 இரண்டிலும் சுங்கம் இல்லை. வலென்சியாவிலிருந்து பார்சிலோனா போகும் ஏபி-7 சாலையிலும் 2021க்குப் பிறகு சுங்கம் இல்லை.

பழைய நகரங்களுக்குள் மட்டும் காரை விடாதீர்கள். கிரனாடாவின் அல்பைசினிலும் கோர்டோபாவின் பழைய தெருக்களிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். விடுதி நம் வண்டி எண்ணைப் பதிந்திருந்தால் தவிர, நுழைந்தாலே அபராதம். அந்தச் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் கார்டில் கழித்துக்கொள்வார்கள். அல்ஹம்ப்ராவுக்கும் நகரத்தைத் தாண்டாமல், சுற்றுச்சாலை வழியாக மேலே உள்ள நிறுத்துமிடத்துக்கே போக வழி இருக்கிறது.

இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை அல்ஹம்ப்ராதான். 'அல்ஹம்ப்ரா நுழைவு' என்று தாளில் ஒரு வரி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தோட்டங்கள், ஹெனராலிஃபே என்ற கோடை மாளிகை, பழைய கோட்டை மட்டும். மற்றொன்று நஸ்ரித் அரண்மனைகளோடு சேர்ந்தது. சிங்க முற்றமும் தேன்கூடாய்த் தொங்கும் கூரைகளும் இரண்டாவதில்தான் உண்டு. முகவர் போடுவது முதல் வகை. அவ்வளவு தூரம் போய் அரண்மனைக்கு வெளியே நின்று திரும்புவதில் அர்த்தமே இல்லை. நஸ்ரித் அரண்மனை டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அது பெயரும் கடப்பிதழ் எண்ணும் போட்டே வரும், அரைமணி நுழைவு நேரமும் அச்சிட்டிருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இலவசம், ஆனால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் காலை நேரமாகக் கேளுங்கள். சுவரெல்லாம் 'இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை' என்ற அரபு வரி மீண்டும் மீண்டும் செதுக்கியிருக்கும். ஊரில் ஜாவி எழுத்துப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளால் சில எழுத்துகளை அடையாளம் காண முடியும். அந்தச் சந்தோஷத்துக்கு நேரம் விடுங்கள்.

மத்ரித்தில் பணம் மிச்சம் பிடிக்கலாம். பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரை இலவசம், 18 வயதுக்குக் கீழே எப்போதும் இலவசம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு வரிசை நீளும். சிறு பிள்ளைகளுக்கு அங்கே போஷின் 'இன்பத் தோட்டம்' ஓவியம் பிடித்துப்போகும், அவ்வளவு விசித்திரப் பிராணிகள் அதில். கோயாவின் கறுப்பு ஓவியங்கள் இருக்கும் அறையை அவர்களோடு தவிர்த்துவிடுங்கள். ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அங்கே பிக்காசோவின் 'குவெர்னிகா' ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு சுவரையே அடைத்து நிற்கும். 1937 ஏப்ரல் 26 அன்று குவெர்னிகா என்ற ஊர் மேல் குண்டு விழுந்த கதையை முந்தைய இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், படத்தின் முன் நின்று விளக்க வேண்டிய தேவை இராது.

சாப்பாட்டில் நம் குடும்பங்கள் தடுமாறுவது நேரத்தில்தான். மதியம் இரண்டுக்கு முன் சமையலறை சூடாகாது. நான்கு மணிக்குப் பிறகு மூடினால் இரவு எட்டரை, ஒன்பதுக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்குச் சுரோஸ் (பொரித்த மாவுப் பலகாரம்), தொர்தியா (உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட்) இருக்கும் காப்பிக்கடைதான் கதி. வேலைநாள் மதியத்தில் 'மெனு தெல் தியா' கேளுங்கள்: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் ஒரே விலையில், வயிறு நிறைய. அன்றைய பெரிய சாப்பாடு அதுவாகவே இருக்கட்டும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் தெர்னேரா, வாக்கா, புவே என்ற பெயர்களையும், பன்றி தவிர்ப்பவர்கள் செர்தோ, ஹமோன், சொரீசோ, லோமோ, மந்தேக்கா என்ற பெயர்களையும் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்று சொன்ன பிறகும் பச்சை பீன்ஸில் ஹமோன் துண்டு விழும், கலவை சாலட்டில் டூனா வரும், கோர்டோபாவின் குளிர்ந்த தக்காளிச் சூப்பான சல்மொரேஹோ மேல் முட்டையும் ஹமோனும் தூவியிருப்பார்கள், குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் பெரும்பாலும் ஹமோன்தான். 'சின் ஹமோன்' (ஹமோன் இல்லாமல்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். நம்பிச் சாப்பிடக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, பத்ரோன் மிளகாய், தேன்பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காய், செவியாவின் கீரையும் கொண்டைக்கடலையும். கடைசியில் சொன்னதில் சீரகமும் பூண்டும் இருப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மத்ரித் லவாபியேஸிலும் பார்சிலோனா ரவாலிலும் தெற்காசியக் கடைகள் நிறைய, பருப்பும் பாஸ்மதியும் கிடைக்கும்.

வலென்சியாவில் பயேயாவுக்கு நகரத்தை விட்டு அல்புஃபேரா ஏரிப்பக்கம், எல் பல்மார் கிராமத்துக்குப் போங்கள். நெல் விளையும் இடம் அது. அசல் வகையில் கோழியோடு முயலும் சேரும், பெரிய வெள்ளை அவரை, தட்டைப் பச்சை பீன்ஸ், தக்காளி, குங்குமப்பூ. மீன் வகைகள் இராது. முயல் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். காய்கறி பயேயா கேட்பவர்கள் அது எந்தச் சாற்றில் வேகிறது என்றும் கேளுங்கள், பல இடங்களில் கோழிச் சாறுதான். இரண்டு பேருக்குக் குறைந்து செய்யமாட்டார்கள், அரிசி போட்ட பிறகு கிளறமாட்டார்கள், அடியில் பிடிக்கும் சொக்கராத் நம் வீட்டுச் சோற்றுக் காந்தலைப் போல் மொறுமொறுப்பாக இருக்கும். அதைச் சுரண்டித் தரச் சொல்லுங்கள். அரிசி நடுவில் கொஞ்சம் கடிபடும். அதுதான் பக்குவம், வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் சரியாக வராது, மாலை ஆறு வாக்கில் இருட்டிவிடும். ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் பிராடோ மூடியிருக்கும்; முகவர் தேதி போடும்போது அவை மத்ரித் நாட்களாக வராமல் பாருங்கள்.

பார்சிலோனாவை நெருங்கும் ஏபி-7 ஓய்விடங்களில் டயர் பஞ்சர் என்று கைகாட்டி நிறுத்தி, ஒருவர் பேச்சுக் கொடுக்க இன்னொருவர் பையைத் தூக்கும் திருட்டு பழையது. யார் கைகாட்டினாலும் கதவைப் பூட்டியபடி, ஆட்கள் நிறைந்த பெட்ரோல் நிலையம் வரை மெதுவாகப் போய் அங்கே டயரைப் பாருங்கள். முழு டாங்க் நிரப்பி, நான்கு பக்கமும் படம் எடுத்து, விடுதிக்குப் போகும் முன்பே காரை ஒப்படைத்துவிடுங்கள். பார்சிலோனாவில் ஒரு நாள் நிறுத்தக் கட்டணத்தில் குடும்பமே மெட்ரோவில் சுற்றிவிடலாம்.