ஹோர்னோயா பறவைப் பயணம்: காசுக்குப் பெறுமதி, ஆனால் பழைய ஜாக்கெட்டோடு போங்கள்

வட நோர்வேயின் ட்ரொம்சோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. ப்ரோலாக்டின், கோர்ட்டிசோல் என்று எழுதிய இரத்த மாதிரிக் குழாய்கள் நாள் முழுக்கக் கையால் போகும். திரையில் ஒரு எண் வரும், அனுப்பிவிடுவேன். ஊரில் படித்தபோது இதையெல்லாம் ‘ஓமோன்’ என்று எழுதினோம். இங்கே வந்து ஹார்மோன் ஆகிவிட்டது. அதனால்தான் ‘வடதுருவப் பறவைகளும் ஹார்மோன்களும்’ என்று ஒரு பயண விளம்பரத்தைக் கண்டதும் யோசிக்காமல் காசு கட்டினேன். இரண்டு நாள், ஆளுக்கு 3,200 குரோனர். நடத்துவது மூன்று பேர் வைத்திருக்கிற சிறிய நிறுவனம். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

இடம் வார்டோ. நோர்வேயின் கிழக்கு மூலையில், தீவில் இருக்கிற சின்ன ஊர். 1982இல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை வழியாகத்தான் பெருநிலத்திலிருந்து வண்டி வரும். துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம் படகில் போனால் ஹோர்னோயா என்ற பறவைத் தீவு. என் மாமா 80களின் கடைசியில் போட்ஸ்ஃபியோர்ட் மீன் ஆலையில் வேலை செய்தவர். “உந்தப் பறவைச் சத்தத்தைக் கேக்கக் காசு குடுக்கிறியோ? எனக்கு அதாலதான் நித்திரை வாறேல்ல” என்றார்.

சத்தம் உண்மைதான். பாறைச் சுவர் முழுக்கப் பறவை. லொம்வி, ஆல்கே, பஃபின் எல்லாம் இருந்தாலும் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது கிரிக்கியேயிடம் (ஆங்கிலத்தில் கிட்டிவேக்). இதுவும் ஒரு கடற்காகம்தான், ஆனால் துறைமுகத்தில் குப்பை கிளறுகிற பெரிய ஆள் போல இல்லை. சின்ன உடம்பு, கறுத்த கால், மையில் தோய்த்த மாதிரி இறகு நுனி. கால் வைக்கவே இடமில்லாத விளிம்பில் சேறும் புல்லும் குழைத்துக் கூடு ஒட்டியிருக்கும்.

வழிகாட்டி எங்களை ஒரே கூட்டுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நிற்க வைத்தார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கடலிலிருந்து துணை வந்து இறங்கியது. இரண்டும் கழுத்தை நீட்டிக் கத்தி, தலையாட்டி, பெரிய உபசாரம். ஆனால் அடை கிடந்தது எழும்பவில்லை. வந்தது பக்கத்தில் நின்று நெஞ்சால் மெல்லத் தள்ளியது. அசையவில்லை. திரும்பவும் தள்ளியது. கடைசியில் மனசில்லாமல் எழும்பியபோது புள்ளி போட்ட இரண்டு முட்டைகள் தெரிந்தன. வந்தது உடனே வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து, தோல் முட்டையில் படும்படி பதிந்துகொண்டது.

“இப்போது நீங்கள் பார்த்தது ப்ரோலாக்டின்” என்றார் வழிகாட்டி. எனக்குச் சிலிர்த்தது. பாலூட்டும் தாய்மாருக்குச் சுரப்பது என்றுதான் அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். பாலே இல்லாத பறவையில், அதுவும் ஆண் பெண் இரண்டிலும், அடை கிடக்க வைப்பது அதே ஹார்மோன்.

எனக்கு அம்மாவின் கோழி நினைவுக்கு வந்தது. அடை தெளியாமல் கிடந்தால் பிடித்து வாளித் தண்ணீரில் நாலு தரம் முக்குவார். இதைச் சொன்னதும் வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் அம்மா செய்தது சரியான ஹார்மோன் வேலை என்றார். கோழியில் அடைத்தோல், அதாவது வயிற்றில் இறகு உதிர்ந்த தோல், முட்டையில் படப் படத்தான் ப்ரோலாக்டின் உயர்ந்து நிற்கும். அந்தத் தொடுகையும் சூடும் போனால் இறங்கிவிடும். எம்பரர் பென்குயினுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. வாரக்கணக்கில் கடலில் இரை தேடி முட்டையை விட்டு விலகியிருந்தாலும் அதற்கு ப்ரோலாக்டின் விழாது. விழுந்தால் கூட்டத்துக்குத் திரும்பி வர மனம் வராதே. அதன் பக்கவிளைவு, முட்டையையோ குஞ்சையோ பறிகொடுத்த பென்குயின் அடுத்தவரின் குஞ்சைக் கடத்தப் பார்க்கும். அன்டார்க்டிகாவில் மருந்து கொடுத்து ப்ரோலாக்டினைக் குறைத்தபோது கடத்தலும் குறைந்ததாம். என்ன மருந்து என்று கேட்டேன். புரோமோகிரிப்டின்! ப்ரோலாக்டின் கூடிய மனிதருக்கும் கொடுக்கிற அதே மருந்து. நான் கட்டிய காசில் பாதி அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

மற்றப் பாதி கோர்ட்டிகோஸ்டெரோன். எங்களுக்கு நெருக்கடியில் சுரக்கிற கோர்ட்டிசோல் மாதிரி பறவைக்கு இது. வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்ட் தீவுகளின் கொங்ஸ்ஃபியோர்டில் கிரிக்கியேக்களுக்கு இதைத் தோலுக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கோர்ட்டிகோஸ்டெரோன் ஏற, ப்ரோலாக்டின் இறங்கியது. கூட்டில் இருக்கிற நேரமும் குறைந்தது, தப்பிய குஞ்சுகளும் குறைந்தன. கடலில் மீன் இல்லாத வருடத்தில் தானாக நடப்பதும் ஏறக்குறைய இதுதான். முதலில் தன் வயிறு, பிறகு பிள்ளை. அலாஸ்காவில் குஞ்சுகளுக்கே வைத்தபோது அவை கூடுதலாகக் கத்தி இரை கேட்டன, பெற்றோரும் கூடுதலாகக் கொடுத்தன. ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்த பிறகு உணவு எங்கே இருக்கும் என்று அடையாளம் பழகுவதில் பின்தங்கின. இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே பனிமழை கொட்டியது. பாதையோரம் பச்சைக் கண்ணோடு அடை கிடந்த நீர்க்காகம் ஒன்று, என் சப்பாத்திலிருந்து ஒரு மீட்டர் இருக்காது, கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

சரி, குறைகள். ஆறு பேருக்கு ஒரே ஒரு பெரிய தொலைநோக்கி. ‘சூடான மதிய உணவு’ என்றது பிளாஸ்கில் ஆறிப்போன மீன் சூப். வாடகைக்குத் தந்த குளிர் உடையின் சிப் பாதியில் நின்றுவிட்டது. உதவிக்கு வந்த பொடியன் ப்ரோலாக்டினை ‘தாய்ப்பாச ஹார்மோன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா அடை கிடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் வான் ஐம்பது நிமிடம் பிந்தியது, ஒரு தொலைபேசி அழைப்புக் கூட இல்லை. 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்து இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கிரிக்கியேக்கள் செத்தன. அதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள்.

அந்த இரண்டாம் நாளும் வீணில்லை. வராங்கர் பக்கம் ஒரு குட்டையில் சிவந்த கழுத்து ஃபலரோப் என்ற சின்ன நீர்ப்பறவையைப் பார்த்தோம். குருவியை விடக் கொஞ்சம் பெரிது. பம்பரம் மாதிரி தண்ணீரில் சுழன்று பூச்சி பொறுக்கும். பளிச்சென்ற நிறத்தில் இருப்பது பெண். ஆணுக்காகச் சண்டை பிடிப்பதும் பெண். முட்டை இட்டுவிட்டு அவள் போய்விடுவாள், மங்கல் நிற ஆண்தான் அடை கிடப்பான். பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் கூடுதல் என்று நினைத்தேன். அப்படியில்லையாம், டெஸ்டோஸ்டெரோன் ஆணை விடப் பெண்ணில் கூடவில்லை. அடைகாக்கும் காலத்தில் ப்ரோலாக்டின்தான் ஆணில் கூடுதல். புல்லுக்குள் ஒருவன் கிடந்தான். வழிகாட்டி காட்டியும் எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது.

ஐந்துக்கு நாலு. அந்த வழிகாட்டி இருந்தால் மட்டும். முன்பதிவு செய்யும்போது யார் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் தொப்பியைக் கழற்றாதீர்கள், மேலே பார்த்து வாயைத் திறக்காதீர்கள். என் நீல ஜாக்கெட்டை மூன்று தரம் தோய்த்துவிட்டேன், இன்னும் மணக்கிறது. மாமா அதை பல்கனியில் தொங்கவிடச் சொல்லிவிட்டார்.