ரிக்கா, ஒவ்வொரு படமாக் கீறுறதா? திருத்தம் வரேக்கதான் விளங்கும்

திருகோணமலையில இருந்துகொண்டு டூடி அனிமேஷன் செய்யிற ஆக்களைக் கண்டா கதை கடைசியில இங்கதான் வந்து நிக்கும், வேலை கெதியா முடியோணும் ஆனா பாக்கிற சனம் "இதென்ன அட்டைப் பொம்மை ஆடுது" எண்டு சொல்லக்கூடாது. நான் இப்ப கொஞ்சக் காலமா ஒவ்வொரு படமாக் கீறுறதை விட்டிட்டு ரிக் பக்கம், அதாவது ஒரு பொம்மை மாதிரிக் கட்டி வச்சு அசைக்கிற பக்கம், மாறிட்டன், அதால கீழ இருக்கிறது நடுநிலைத் தீர்ப்பு இல்ல, முதலே சொல்லிப்போடுறன்.

கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செக்கனுக்கு 24 பிரேம், ரெண்டு பிரேமுக்கு ஒரு படம் எண்டு பிடிச்சா 12 படம், 30 செக்கன் விளம்பரத்தில ஒரு ஆளுக்கு மட்டும் 360 படம், அதையும் ரஃப் (பருமட்டாக் கீறுறது), கிளீனப் (கோட்டைச் சுத்தமாக் கீறுறது), கலர் எண்டு மூண்டு தரம் கை தொடோணும். ரிக் எண்டா தலை, கை, கால், வாய் எல்லாத்தையும் துண்டு துண்டா ஒருக்காக் கீறி, சொப்ட்வெயாரில அதுகளை அசைக்கிறதுக்கு எலும்பு எண்டு சொல்லுறதைப் பூட்டிட்டா பிறகு அசைக்கிறதுதான் வேலை. இந்த யோசனை ஒண்டும் புதுசில்ல, 1950கள் முடியிற நேரத்திலயே ஹன்னா பார்பரா எண்ட அமெரிக்கக் கார்ட்டூன் கொம்பனி ஆக்கள் மிருகக் கேரக்டருக்கெல்லாம் கொலரும் டையும் போட்டு விட்டவை, உடம்பை அப்பிடியே வச்சிட்டு தலையை மட்டும் மாத்தினா கழுத்தில வெட்டுத் தெரியக்கூடாதெண்டு.

சொப்ட்வெயார் பற்றிக் கன கதை இல்ல. ஹார்மனி எண்ட அனிமேஷன் சொப்ட்வெயார் நல்லதுதான், ஆனா டொலர் சந்தா, 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360ஐத் தாண்டினதைப் பாத்தவனுக்கு மாதா மாதம் டொலர் கட்டுறதெண்டா வயித்தைக் கலக்கும். மோஹோ எண்டு இன்னொண்டு, அது ஒருக்கா வாங்கினாச் சரி. பிளெண்டரும் ஓப்பன்டூன்ஸும் இலவசம், பிளெண்டரில கிரீஸ் பென்சில் எண்ட கீறுற டூலால கீறவும் ஏலும், அதே படத்துக்கு எலும்பு போடவும் ஏலும்.

ரிக்குக்கு வந்த கெட்ட பேர் உண்மையில ரிக்கின்ட பிழை இல்ல, ரெண்டு கீ, அதாவது முக்கியமான போஸ், வச்சிட்டு இடைப்படத்தை சொப்ட்வெயாரிட்ட விடுறதாலதான், அப்ப கை தண்ணிக்குள்ள போற மாதிரி ஒரே வேகத்தில மிதக்கும். நான் முதல் எல்லாக் கீயையும் ஸ்டெப்டில வைப்பன், அதாவது இடைப்படமே இல்லாம ஒரு போஸில இருந்து அடுத்ததுக்கு டக்கெண்டு பாயும், அப்பிடிப் பாக்கேக்கயே கதையும் டைமிங்கும் விளங்கினாத்தான் அடுத்த வேலை. பிறகு பிரேக்டவுனை, அதாவது ரெண்டு கீக்கு நடுவில வாற முக்கியமான படத்தை, நானே வைப்பன். தலை திரும்புறதெண்டா கண் முதல் போகோணும், தலை பின்னால, நடுவில நாடி கொஞ்சம் கீழ இறங்கி வளைஞ்சு வரோணும், இந்த ஒரு படத்தைக் கவனமா வச்சாலே பாதி அட்டைத்தனம் போயிடும். விரலை எலும்பால ஆட்டுறேல்ல, கைப்படங்களைத் தனித்தனியாக் கீறி வச்சு மாத்தி மாத்திப் போடுறது. கடைசியில எல்லாத்தையும் ரெண்டு பிரேமுக்கு ஒருக்கா மாறுற மாதிரி விட்டா கையால கீறின படத்துக்குப் பக்கத்தில வச்சாலும் உறுத்தாது.

இதெல்லாம் சரி, நான் மாறினதுக்கு உண்மையான காரணம் திருத்தம்தான். எங்களுக்கு வாற வேலை கூட விழிப்புணர்வு வீடியோ, டெங்கு, கடல் பாதுகாப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது, அப்பிடி. ஸ்டோரிபோர்டை ஓம் எண்டுவினம், அனிமேட்டிக்கை (ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோட ஓட விட்ட வீடியோ) ஓம் எண்டுவினம், எல்லாம் முடிஞ்சு ஃபைனல் அனுப்பினாப் பிறகு பெரியவர் ஒராள் முதல் தரமாப் பாத்திட்டு "அந்த மீன்பிடிக்கிற ஐயாவுக்கு என்ன காற்சட்டை, சாரம் கட்டி விடுங்கோவன்" எண்டு வட்சப்பில ஒரு வொய்ஸ் போடுவார். கலர் மாத்தச் சொன்னாப் பிரச்சினை இல்ல, ஓப்பன்டூன்ஸ், ஹார்மனி ரெண்டிலயும் கலர் பலெட்டோட பூட்டி இருக்கிறதால கையால கீறின ஆயிரம் படமெண்டாலும் ஒரு இடத்தில மாத்தினா எல்லாம் மாறும். ஆனா சாரம் எண்டா உருவமே வேற. ஒவ்வொரு படமாக் கீறினவன் அந்த ஐயா வாற எல்லாப் படத்தையும் திரும்பத் திறக்கோணும். ரிக்கிலயும் சும்மா வராது, சாரத்துக்குப் புதுத் துண்டு கீறோணும், முழங்கால் மடியேக்க துணி இழுபடோணும், நடையைத் திரும்பப் பாக்கோணும், ஆனா முகம், கை, டைமிங், வாய் எல்லாம் அப்பிடியே இருக்கும், அதில ஒரு விரலும் வைக்கத் தேவையில்ல.

அதை விடப் பெரிய திருத்தம் மொழி. எங்கட மாவட்டத்தில ஒரு வீடியோ செய்தா தமிழ், சிங்களம் ரெண்டும் கட்டாயம் கேப்பினம், சில பேர் இங்கிலிஷும். தமிழில நாலு செக்கன் வாற வசனம் சிங்களத்தில அதே நாலு செக்கனில நிக்காது. வாய் மட்டும் தனி லேயரில இருந்தாக் கையால கீறினதிலயும் மாத்தலாம்தானே எண்டு கேக்கலாம், மாத்தலாம், ஆனா தலை ஒவ்வொரு படத்திலயும் கொஞ்சம் நகரும், வாயைப் படம் படமாத் தூக்கிக் கொண்டுபோய் முகத்தில ஒட்டோணும், விசர் பிடிக்கும். ரிக்கில வாய் தலையோட கட்டுப்பட்டிருக்கு, தலை போற இடத்துக்கு அதுவும் போகும், எந்த வாய் எண்டு மட்டும் சொன்னாச் சரி. ரூபர்ப் எண்டு ஒரு இலவச டூல் இருக்கு, ஓடியோவைக் குடுத்தா எந்த நேரத்தில எந்த வாய் எண்டு எழுதித் தரும், இங்கிலிஷ் இல்லாத மொழிக்கு ஃபொனெடிக் மோட்டில, அதாவது சொல்லைப் பாக்காம ஒலியை மட்டும் பாக்கிற மாதிரி, போடோணும். அது தாறதை அப்பிடியே நம்பேலாது, ம, ப வாற இடத்தில உதடு மூடுதா எண்டு மட்டுமாவது ஒருக்காப் பாத்திடுங்கோ, அந்த ரெண்டும் பிழைச்சா மற்றதெல்லாம் சரியா இருந்தும் வாய் பொய்யாத்தான் தெரியும்.

கையால கீறுறது வெல்லுற இடமும் இருக்கு, மறைக்கேலாது. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள நிக்கிற மான் ஒண்டை ரிக் பண்ணிப் பாருங்கோ. நேரா நடக்கிற மட்டும் சரி, பின்னங்கால் முதல், அதே பக்கத்து முன்னங்கால் அடுத்தது, பிறகு மற்றப் பக்கம், அது வந்திடும். அது கழுத்தை எங்கட பக்கம் திருப்பி, காதை ஒரு வெட்டு வெட்டிட்டுப் பாய வெளிக்கிடேக்க ரிக் கையை விரிச்சிடும், அந்தப் பாய்ச்சலை நான் இப்பவும் ஒவ்வொரு படமாத்தான் கீறுறன். இங்கத்தக் கடற்கரை டச் பே அலையும் அப்பிடித்தான், எட்டுப் படம் கீறி மூண்டு பிரேமுக்கு ஒண்டாச் சுத்த விட்டா சரியா ஒரு செக்கன் லூப், எந்த எலும்பும் தேவையில்ல. ஒரு ஷொட்டில மட்டும் வந்து போற ஆளுக்கும் ரிக் கட்டுறது வீண் வேலை. என்ட அளவில, கேரக்டர் நல்லாக் கதைச்சா, இல்லாட்டி அடுத்த வீடியோவிலயும் வரும் எண்டா மட்டும்தான் ரிக்.

திரீடி மொடல் செய்து டூடி மாதிரிக் காட்டுறதையும் சில பேர் கெதியான வழி எண்டு சொல்லுவினம், நான் அதில ஒரு முழு வேலையும் செய்து குடுக்கேல்ல, அதால அதை இதோட நிறுக்கேல்ல.

ரிக்குக்கு மாறுற ஆக்கள் விலை சொல்லேக்க ஒண்டைக் கவனியுங்கோ. வேலை முடிஞ்சு கொஞ்ச நாளால "தம்பி, அந்த ஒரிஜினல் ஃபைலையும் அனுப்பிவிடுங்கோ" எண்டு சாதாரணமாக் கேப்பினம். வீடியோ வேற, ரிக் வேற, அதைக் குடுத்தா அடுத்த வீடியோவை வேற ஆரும் செய்யலாம். விலைப்பத்திரத்திலயே ரிக் ஃபைலுக்குத் தனியா ஒரு லைன் போட்டு, எத்தினை திருத்தம் இலவசம் எண்டதையும் அதுக்குக் கீழயே எழுதிப்போடுங்கோ.