ஸ்கூகொக் ஏரியில பிள்ளையளோட மீன் பிடிக்க வாடகை போட்: 5க்கு 3

கனடா ஒன்ராறியோவில, ஸ்கூகொக் ஏரிக்கரையில இருக்கிற போர்ட் பெரி பக்கத்தில ஒரு மரீனாவில (போட் கட்டுற, வாடகைக்கு விடுற இடம்) அரைநாளுக்கு அலுமினியம் போட் எடுத்தம், நானும் மனுசியும் பிள்ளையள் ரெண்டும். மரீனான்ர பேர் வேண்டாம், ஆக்கள் நல்ல ஆக்கள், சாமான்தான் சரியில்லை.

முதல் நல்லதைச் சொல்லுறன். போட் துப்புரவு, மோட்டர் ஒரே இழுவையில ஸ்டார்ட் வந்துது. ஸ்கூகொக் ஏரி சராசரி ஒண்டரை மீற்றர் ஆழமும் வராது, அதால வெயில் அடிவரைக்கும் போய் கோடையில ஒரே பாசிதான், அது ப்ரொப்பெல்லரில சுத்திச்செண்டா சத்தமே மாறும். போட் கட்டுற டொக்கில நிண்ட பொடியன் எங்களை ஏரிக்குள்ள போக விடுறதுக்கு முதலே அதைச் சொல்லி, மோட்டரை நிப்பாட்டி மேல தூக்கி பாசியை உரிக்கிறது எப்பிடி எண்டு மூத்தவளைக் கொண்டே செய்விச்சவன், பிறகு ஏரிக்குள்ள முழுக்க அவள்தான் மெக்கானிக், எங்களைக் கிட்ட விடேல்ல.

இனிக் குறை. சின்னவனுக்குத் தந்த லைஃப் ஜக்கெற் பெரியாக்களின்ர சைஸ், தோள்ப் பக்கம் பிடிச்சுத் தூக்கினா காதுக்கு மேல போகுது. கேட்டா "தண்ணி ஆழமில்லைத்தானே" எண்டு ஒரு பதில் பாருங்கோ! போட்டில ஏறுற ஒவ்வொருத்தருக்கும் அளவான ஜக்கெற் இருக்க வேணும் எண்டது இங்கத்தைச் சட்டம், அது வாடகைக்கு விடுறவைக்குத் தெரியாதோ? மனுசி அசையாமல் நிண்டபடியால் பின்னுக்குப் போய் ஒண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தவை. நீங்களும் பூட்டித் தூக்கிப் பாத்திட்டு ஏத்துங்கோ.

தூண்டில் தடிக்கு வேற தனிக் காசு. தங்கூசி பழசு, சுருள் சுருளா வருது, கொளுவியிருந்த ஊசியெல்லாம் பாஸ் எண்ட பெரிய மீன் பிடிக்கிற பெரிய ஊசி. பிள்ளையளுக்கு என்னத்துக்கு பாஸ்? ப்ளூகில், பம்ப்கின்சீட் மாதிரிச் சின்ன மீன்தான் அவைக்கு லாயக்கு, பாசி முடியிற ஓரமா நங்கூரத்தைப் போட்டிட்டு சின்ன ஊசியில நகக்கண் அளவு புழுத் துண்டு, மேல ஒரு மிதப்பு, அவ்வளவுதான், மிதப்பு ரெண்டு துடி துடிச்சு கீழ போகேக்க இழுக்க வேண்டியதுதான். நான் வீட்டில இருந்து சின்ன ஊசி கொண்டு போனதால தப்பினம். பம்ப்கின்சீட்டுக்கு செவுளுக்குப் பின்னால செம்மஞ்சள் புள்ளி ஒண்டு இருக்கும், அதைப் பாத்துப் பாத்து சின்னவன் பேர் சொல்லத் தொடங்கிட்டான். கழட்டேக்க மட்டும் கவனம், முதுகுச் செட்டை முள்ளுக் குத்தும், தலைப் பக்கத்தில இருந்து வாலுக்குத் தடவி மடக்கிப் பிடிக்கோணும்.

பக்கத்துப் போட்டில ரெண்டு அண்ணைமார் வோல்ஐ மீன் கிடைக்குமோ எண்டு கேட்டவை. 2016 இல இருந்து இந்த ஏரியில வோல்ஐக்குத் தடை, தற்செயலா கொளுவினாலும் உடன விட வேணும், மரீனாக்காரர் இதைச் சொல்லித்தான் போட் குடுக்கோணும், எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. மீன்பிடி லைசன்ஸ் 18 வயசுக்குக் கீழ தேவையில்லை, உங்களுக்குத்தான் வேணும், ஒரு நாள் லைசன்ஸ் எண்டா அவுட்டோர்ஸ் கார்ட் (மற்ற மீன்பிடி லைசன்ஸுகளுக்கு எடுக்க வேண்டிய மாகாண அட்டை) கூட வேண்டாம். புழு மரீனாவிலயே வாங்கலாம், மிஞ்சினதை மண்ணோட தண்ணிக்குள்ள கொட்டாதேங்கோ, அதுவும் சட்டப்படி பிழை, குப்பைக்குள்ள போடுங்கோ.

முழுநாள் எடுக்கச் சொல்லி கவுண்டரில நல்லா வற்புறுத்துவினம், விலை வித்தியாசமும் பெருசில்லை, ஆனா வேண்டாம். போட்டில டொய்லெட் இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு காத்தடிச்சா ஆழமில்லாத ஏரியில அலை கெதியா எழும்பும், பிள்ளையளும் அதுக்குள்ள களைச்சிடுவினம். காலமை முதல் நேரத்தையே புக் பண்ணுங்கோ. நாங்கள் திரும்பப் போவம், ஆனா ஜக்கெற்றும் எங்கட, தூண்டிலும் எங்கட, போட் மட்டும் அவையின்ர.