மர டம்ளருக்கு எந்தப் பூச்சு? டங் எண்ணெயை மூன்று மாதம் பார்த்த கதை

பூவரசங்கட்டையில் ஐந்து டம்ளர் கடைந்து, ஒன்றைச் சும்மா விட்டு மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு என்று வைத்துக்கொண்டு மூன்று மாதமாக நான் செய்த கூத்தைப் பார்த்து வீட்டில் சிரிக்காத ஆளில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைப்பேன், காலையில் தூக்கி, தாளில் ஈர வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கட்டையின் நீளவாக்கில் கடைந்த டம்ளருக்கு அடிப்பக்கம்தான் பலவீனம், மரத்தின் நுண்துளைகள் உறிஞ்சுகுழல் மாதிரி நேரே அடிவரை ஓடுவதால் சுவர் காய்ந்திருக்கும்போதே அடியில் கசியும். எதுவும் பூசாத டம்ளர் முதல் ராத்திரியே தாளை நனைத்துவிட்டது. அம்மா சொன்னாரே என்று தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் அதே கதைதான், அது உலர்ந்து இறுகும் எண்ணெயே இல்லை.

தேன்மெழுகு போட்டது பார்க்க அவ்வளவு அழகு. மோர் ஊற்றிக் குடித்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஆசைப்பட்டு ஃபில்டர் காபி ஊற்றினேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், நம் காபி அதைவிடச் சூடு. நுரைக்கு நடுவே எண்ணெய்ப் பொட்டுகள் மினுங்கின, உதட்டில் மெழுகு ஒட்டியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியதும் காபியிடம் தோற்றது, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே பூசுகிற அரக்கு உடம்புக்குக் கெடுதல் இல்லைதான், ஆனால் சூடு, சாராயம், சோப்பின் காரம் மூன்றுமே அதற்கு ஆகாது. சாப்பாட்டுக்குப் பாதுகாப்பு என்பது ஒன்று, தண்ணீரைத் தாங்குவது வேறொன்று. டப்பாவின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான்.

இனி டங் எண்ணெய். சீனாவில் எண்ணெய்க் காகிதக் குடைக்கும் மரப் படகுக்கும் காலங்காலமாகப் பூசிவந்தது, ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. முதலில் ஆன்லைனில் வாங்கிய பாட்டிலில் ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திறந்ததும் பெயின்ட் கடை வாடை. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் வார்னிஷும் தின்னரும்தான் பிரதானம். நாற்காலிக்கு வேண்டுமானால் பூசலாம், என் வாய் வைக்கும் டம்ளருக்கு வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டேன். வாங்கும்போது ‘சுத்தமான, நூறு சதவீதம்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள், ‘ஃபினிஷ்’ என்று இருந்தால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவதாக வாங்கியதுதான் அசல், தேன் மாதிரி கெட்டி, கொட்டை வாசம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்து பூசி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் அடுத்த பூச்சு. இப்படி ஐந்து. துடைப்பதில் சோம்பல் பட்டால் மாட்டிக்கொள்வீர்கள்: என் டம்ளரின் உள்அடியில் தேங்கிய எண்ணெய் பாலாடை மாதிரி சுருங்கிப்போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. அதைவிடக் கஷ்டம் பொறுமை. முழுக்க இறுக ஒரு மாதம் வரை ஆகும், நான் பத்தாம் நாளே தண்ணீர் ஊற்றிக் குடித்து, நாக்கில் கொட்டை ருசியோடு அலைந்தேன்.

முப்பது நாள் கழித்து? செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. தண்ணீர், மோர், எலுமிச்சை ஜூஸ் எதற்கும் அசரவில்லை. காபிக்கும் உருகவில்லை, ஆனால் தினம் ஊற்றியதில் இரண்டாம் வாரமே உள்ளே மங்கிவிட்டது, திரும்ப ஒரு கை பூச வேண்டியிருந்தது. அதனால் காபிக்கு எவர்சில்வர்தான், மற்றதற்கெல்லாம் இது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கொட்டை ஒவ்வாமை உள்ள வீடுகளில் வேண்டாம். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், எண்ணெய் உலரும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கலாம், தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

வேங்கை மரக் குவளைக்கும் இதைப் பூசலாமா என்று தம்பி கேட்டான். டேய், அதில் ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் நிறம் மாறியிருக்க வேண்டும் என்றுதானே வாங்குகிறார்கள், பூசினால் மரத்தின் சாறு எப்படி இறங்கும்? அதை அப்படியே விட்டுவிடு.