மாத்திரையா, பயிற்சியா: அடக்க முடியாத சிறுநீருக்கு எது முதலில்?

எனக்கு 24 வயதில் தொடங்கியது. வேலை முடிந்து வந்து பூட்டில் சாவியைப் போடும் அந்த நொடியில்தான் முட்டிக்கொண்டு வரும். குளியலறைக்கு ஓடுவதற்குள் உள்ளாடை நனைந்துவிடும். கல்யாணமே ஆகவில்லை, இதை யாரிடம் சொல்வது என்று ஒரு வருடம் வாயே திறக்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் இது வரும் என்று நம்பியிருந்தேன். அது தவறு. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிள்ளை பெறாத கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளில் 28 விழுக்காட்டினர் விளையாடும்போது சிறுநீர் கசிவதாகச் சொன்னார்கள்.

அந்த ஒரு வருடம் நான் கைக்கொண்ட வழி, தண்ணீரைக் குறைப்பது. நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடும் வழி இது. இருப்பதிலேயே மோசமானதும் இதுதான். சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும்; தொற்று வர வாய்ப்பு கூடும்; மலச்சிக்கல் வந்து, அதுவும் பையை அழுத்தும். ‘எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுவோம்’ என்று கிளம்பும்போதெல்லாம் போவதும் அப்படித்தான். பை கொஞ்சம் நிரம்பியதுமே கூப்பிடப் பழகிவிடும்.

நாப்கின் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. நாலு இடம் போய்வர அது உதவும். ஆனால் மாதவிடாய் நாப்கின் இதற்குச் சரிவராது. சட்டென்று வரும் சிறுநீரை வேகமாக உறிஞ்சுவதற்கென்றே தனி பேடு மருந்துக்கடையில் இருக்கிறது.

சரி, உண்மையான போட்டி பயிற்சிக்கும் மாத்திரைக்கும்தான். அதற்கு முன் கசிவு எந்த வகை என்று தெரிய வேண்டும். இருமினால், தும்மினால், குதித்தால் சொட்டுவது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாமல் வந்து கசிவது அவசரக் கசிவு. சிலருக்கு இரண்டும் உண்டு. அவசரத்துக்குத் தரும் மாத்திரைகள் அழுத்தக் கசிவுக்கு உதவாது. அதற்கு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிதான், அதாவது கெகல்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருவதற்கு முன் ஓர் இறுக்கு இறுக்கினால் அந்தச் சொட்டு பெரிதும் குறையும்.

அவசரத்துக்கு வேறு பயிற்சி. மூன்று நாள் எப்போது, எவ்வளவு போகிறது என்று ஓர் அளவுக் குவளையை வைத்துக் குறித்துப் பார்த்தேன். தடவைக்கு 100 மில்லிகூட இல்லை. ஆரோக்கியமான பை 400 மில்லி வரை தாங்கும். என் பை சின்னதில்லை, அவசரப்படுகிறது என்று அன்றுதான் புரிந்தது. அப்புறம் முட்டும்போது ஓடுவதை விட்டேன். நின்ற இடத்திலேயே நின்று ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்தினால் அந்த அலை தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போவேன். வாரத்துக்கு 10, 15 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டினேன். காபியை ஒரு வேளையாக்கினேன். இதற்கு ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரையை நான் ஒதுக்கவில்லை. ஆறு வாரம் முயன்றும் அடங்காவிட்டால் அது நல்ல துணை. ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனசின் போன்றவை வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும்; வாய் உலர்கிறதே என்று அடிக்கடி தண்ணீர் குடித்தால் மறுபடி அவசரம். மிராபெக்ரானில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எதுவானாலும் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ப்பைத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி இவற்றுக்கெல்லாம் பிறகுதான்: சில மாதங்களில் பலன் தேய்ந்துவிடும், சிலருக்குச் சிறுநீர் வெளியேறாமல் தங்கிப்போகும்.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், கால் அல்லது தொடையிடுக்கில் மரத்துப்போதல் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களும் முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் பெண்ணாக வேண்டும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அவரிடம் ‘கெகல் சொல்லிக் கொடுங்கள்’ என்பதோடு, தசை ஏற்கெனவே இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இளம் பெண்கள் சிலருக்குத் தளர்த்தப் பழகுவதுதான் முதல் வேலை. அவர்கள் இறுக்க இறுக்க அவசரம் கூடத்தான் செய்யும்.