அல்வாவுக்குக் கோதுமைப்பால்: எந்த முறையில் சத்து முழுசாக இறங்கும்?

அரைக்கிலோ சம்பா கோதுமைக்கு ஒரு கிலோ சீனி, அரைக்கிலோ நெய் என்று கணக்குப் போட்டுத்தான் உருளியை அடுப்பில் ஏற்றுகிறோம். அந்தக் கணக்கு பலிக்க, கோதுமையில் இருக்கிற மாவுச்சத்து பாலில் இறங்கியிருக்க வேண்டும். கோதுமையின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் மாவுச்சத்து. அரைக்கிலோவில் சுமார் 300 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கையோடு போய்விட்டால் சீனி மிஞ்சிப்போய், எவ்வளவு நேரம் கிண்டினாலும் அல்வா பாகாகவே நிற்கும். நெய்யையும் தீயையும் குறை சொல்வோம். பிசகு முந்தின நாள் சக்கையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

முழுக் கோதுமையா, ரவையா, மாவா

மாவு முறை சீக்கிரம் முடியும். அரைக்கிலோ மைதாவை 300 மில்லி தண்ணீர் விட்டுப் பிசைந்து, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால் மாவுச்சத்து பாலாக இறங்கி, கையில் ரப்பர் மாதிரி பசை மட்டும் மிஞ்சும். சத்து இறங்குவதில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அல்வாவில் கோதுமை மணம் இருக்காது. ஆட்டா மாவில் மணம் உண்டு. தவிடு பொடியாகிக் கிடப்பதால் பால் பழுப்பாகவும் நறநறவென்றும் வரும், தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சம்பா ரவை நடுவழி. ஐந்து மணி நேரம் ஊறினால் போதும். உடைந்த மணி என்பதால் வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கும், அது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாலா கடை அல்வாவின் மணமும் வழுவழுப்பும் வேண்டுமென்றால் முழுக் கோதுமைதான். மார்கழியில் 24 மணி நேரம், சித்திரை வெயிலில் 14 முதல் 16 மணி நேரம். ஐந்து மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளைப்பால் பீச்ச வேண்டும். நடுவில் மணல் மாதிரி தட்டுப்பட்டால் இன்னும் ஊறவில்லை. அந்த நடுப்பகுதி அரைபடாமல் சக்கைக்குப் போகும். மணியின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது. முளைக்கிற மணி தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். பார்லியை முளைகட்டி மால்ட் எடுப்பவர்களுக்கு அது வேண்டும். நமக்கு அதனால் பால் இறுகாமல் போகும்.

கிரைண்டரா, மிக்ஸியா

கிரைண்டர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல் மணியை நசுக்குகிறது. தோல் பெரிய செதிலாக நிற்க, உள்ளே இருப்பது வெளியே வருகிறது. மிக்ஸியின் கத்தி தோலையும் சேர்த்து வெட்டுவதால் தவிட்டுத் தூள் துணியை அடைக்கும், பாலிலும் இறங்கும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் மூன்று ஈடாகப் பிரித்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு, பத்துப் பத்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டலாம்.

கிரைண்டரிலும் தண்ணீரை முதலிலேயே கொட்டிவிடக் கூடாது. 200 மில்லியோடு தொடங்கி 15 முதல் 20 நிமிடம் ஆட்ட வேண்டும். தண்ணீர் கூடினால் மணி கல்லுக்கு அடியில் போகாமல் நழுவிக்கொண்டே சுற்றும். பத்து நிமிடத்தில் பிசின் மாதிரி ஒரு பசை கல்லில் சுற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். பலர் அதை வழித்து எறிந்துவிடுகிறார்கள். அதைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுச்சத்து சிக்கியிருக்கும். எறியாமல் இரண்டாம் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கசக்கினால் அது வெளியே வந்துவிடும்.

ஒரே தண்ணீரா, மூன்று தண்ணீரா

அதிகம் வீணாவது இங்கேதான். மொத்தம் மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் சக்கை அரை லிட்டர் பாலைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

மூன்று லிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றிப் பிழிந்தால், மூன்றில் அரை லிட்டர் சக்கையில் நிற்கும். கழன்று வந்த மாவுச்சத்தில் ஆறில் ஒரு பங்கு நட்டம்.

அதையே லிட்டர் லிட்டராகப் பிரித்தால், முதல் பிழிவில் பாதி சக்கையில் நிற்கும். இரண்டாவது லிட்டரை ஊற்றும்போது உள்ளே ஒன்றரை லிட்டர் இருக்கும். பிழிந்ததும் மீந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் தங்கும். மூன்றாவது லிட்டரிலும் அப்படியே. கடைசியில் சக்கையில் நிற்பது பதினெட்டில் ஒரு பங்கு. தண்ணீரும் அதே மூன்று லிட்டர், கிடைக்கும் பாலும் அதே இரண்டரை லிட்டர். நான்காம் தண்ணீர் தேவையில்லை; பால் நீர்த்து, தெளியவைக்கும் பாத்திரம்தான் பெரிதாக வேண்டிவரும். அரைக்கும்போது விட்ட 200 மில்லியை முதல் லிட்டரில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

துணியில் கிடக்கிற சக்கை மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பது இன்னொரு பழக்கம். குனிந்து நிமிராமல் வேலை முடியும், உண்மைதான். ஆனால் தண்ணீர் ஒரு வழி பிடித்து அதிலேயே ஓடும். கட்டியின் நடுப்பகுதி நனைந்தபடியே சத்தை வைத்துக்கொண்டிருக்கும். சக்கையைத் துணியிலிருந்து எடுத்து, கிரைண்டரில் போட்டு, தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, மூன்று நிமிடம் ஆட்டிப் பிழிவதே மேல். முதலில் கண் பெரிய சல்லடை, அடுத்து நனைத்த பழைய வேட்டித் துணி என்று இரண்டு கட்டமாக வடித்தால் துணி அடைக்காது.

சந்தேகமிருந்தால் ஒரு கரண்டி சக்கையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கசக்கி எடுத்துவிட்டுக் கால்மணி நேரம் வையுங்கள். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தால் சரி. விரல் தடிமனுக்கு உட்கார்ந்தால் இன்னொரு தடவை ஆட்டிப் பிழிய வேண்டும். அயோடின் சொட்டு இதற்கு உதவாது. துளி மாவுச்சத்து இருந்தாலும் கறுத்துவிடும், எவ்வளவு என்று சொல்லாது.

வெந்நீர் வேண்டாம்

வெந்நீரில் சத்து கூட இறங்கும் என்பது மால்ட் விஷயத்தில் சரி. அங்கே 65 டிகிரித் தண்ணீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக் கரைத்து எடுக்கிறார்கள். நமக்கு மாவுச்சத்து மாறாமல், கரையாமல், துகளாகவே வேண்டும். அறுபது டிகிரியை ஒட்டி அது வீங்கிக் கூழாகிச் சக்கையோடு ஒட்டிக்கொள்ளும். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் நல்லது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்; உப்பு கோதுமைப் பசையை இறுக்கும்.

தெளிவு

இரண்டரை லிட்டர் பால் தெளிய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். கோடையில் வெளியே வைத்தால் அதற்குள் புளித்துவிடும். பிரிட்ஜில் வைப்பது நல்லது. தெளிந்ததும் பாத்திரத்தில் மூன்று அடுக்கு தெரியும்: மேலே மஞ்சள் தண்ணீர், நடுவே சாம்பல் நிறக் குழைவு, அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. நடு அடுக்கை அழுக்கு என்று தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். மெதுவாக அடங்கும் சிறு மாவுத் துகளும் புரதமும்தான் அது. மஞ்சள் தண்ணீரை மட்டும் கரண்டியால் அள்ளி, கடைசி விரலளவு இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அடிக்கட்டி கரண்டிக்கு அசையாது. கைவிட்டுச் சுரண்டிக் கரைக்க வேண்டும். கரைத்த பாலை அடுப்படியில் ஐந்து நிமிடம் விட்டாலே மறுபடி அடியில் உட்கார்ந்துவிடும், அதனால் பாகில் ஊற்றும் அந்த நிமிடத்தில் இன்னொரு தடவை கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.